வாழை மானுக்குள் இறங்கிய அம்பு

அன்பு மாப்ளே கொம்பையா,

நீ இப்போது இருக்கிற இடத்தில் வாழைத்தோட்டம் உண்டா, தெரியவில்லை. இருந்தால் நீ விடியுமுன்னே எழுந்து, இலைக்கத்தியைக் கல்லில் தேய்த்து, பனியோடு பனியாகப் போய் இலை அறுத்துக்கொண்டிருப்பாய். சும்மா உட்காரச் சொன்னால் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நான் சௌக்கியம். ஸ்ரீவைகுண்டத்தில் என் பம்புசெட் பட்டறை அதே இடத்தில் ஓடுகிறது, பிலோமினா அதே சத்தத்தில் என்னைத் திட்டுகிறாள்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி, ஒரு வருஷமாக என் மண்டையைக் குடைகிற கேள்வி. நீ ஒல்லிக்குச்சி. இலைக்கட்டை ரோட்டுக்குத் தூக்கி வந்தாலே குத்தவைத்து மூச்சு வாங்குவாய். உன்னால் மட்டும் எப்படியப்பா அந்த மானை வருஷம் தவறாமல் துளைக்க முடிந்தது?

இந்தக் கடிதத்தை நாலு பேர் எட்டிப்பார்த்துப் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உங்கள் ஊர் மானைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன், எனக்குத் தெரிந்ததுதானே என்று நீ குறுக்கே வராதே.

உங்கள் ஊர் சாஸ்தா பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் சாயங்காலம் வேட்டைக்குப் போவார். சாஸ்தா போகிறார் என்றால் வில்லைத் தூக்குவது உங்கள் வீட்டு ஆள். தார் வெட்டின வாழைமரம் ஒன்றைச் சாய்த்து, நடுப்பாகத்தை எடுத்து நாலு கம்பின் மேல் படுக்கவைத்தால் அது மானின் உடம்பு. வாழைப்பூ தலை. காய்ந்த தென்னம்பாளையைக் கீறிச் செருகினால் கொம்பு. சுண்ணாம்பு தொட்டு உடம்பு முழுக்கப் புள்ளி வைப்பார்கள். ஆற்றுக்குப் போகிற பாதையில் அதை நிறுத்திவிட்டு, கோயில் வாசலிலிருந்து ஒரே ஒரு அம்பு விட வேண்டும்.

அம்பு குத்தி நின்றால் பெண்கள் குலவை போடுவார்கள், மேளம் எகிறும். பிறகு மானை அறுத்து, உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டை நறுக்கி, வீட்டுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். உங்கள் ஊரில் அதற்குப் பெயர் மான்கறி.

நான் உவரிக்காரன், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை தவறாதவன். ஆனாலும் மான்கறி பங்கு பிரிக்கும்போது என் வீட்டையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொண்டவன் நீ. பங்குனி உத்திரம் பெரும்பாலும் எங்கள் தவக்காலத்தில் வந்து விழும், வீட்டில் கறி எடுக்க மாட்டோம். நீ வாசலில் நின்று, "தங்கச்சி, மான்கறி கொண்டாந்திருக்கேன், சாமியார்ட்ட சொல்லிராத" என்பாய். பிலோமினா சிரித்துக்கொண்டே வாங்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் வைப்பாள்.

நீ கண்ணை மூடின வருஷம் உங்கள் வீட்டுக்குத் துக்கம். யாரும் வில்லைத் தொடக் கூடாது என்பதால், பூசாரியே அம்பை எடுத்துப்போய் மானைத் தொட்டுவைத்துச் சடங்கை முடித்தார். அதற்கு அடுத்த பங்குனியில் வில் உன் தம்பி சுடலையின் கைக்கு வந்தது.

சுடலை வாழை மண்டியில் தார் ஏற்றி இறக்குகிறவன். உன்னை இரண்டாகச் சேர்த்துக் கட்டினாலும் அவன் தோள் அகலம் வராது. அவன் இழுத்தால் மானைத் துளைத்து, பின்னால் நிற்கிற பூவரசையும் துளைத்து, அம்பு ஆற்றில்தான் போய் விழும் என்று ஊரே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணனுக்காக என்று அவன் இரண்டு காரியம் செய்தான். உன் பழைய மூங்கில் வில் தளர்ந்துவிட்டது என்று சொல்லி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆள் பிடித்து, கல்மூங்கிலில் புது வில் ஒன்று செய்து வாங்கினான். தடி என்றால் தடி, உலக்கைக்குத் தம்பி. அடுத்து, சாமி அம்பின் இரும்பு முனைக்கு வெள்ளியில் உறை போட்டான். இறந்தவர் நினைவாகக் கோயிலுக்கு நாம் மணியோ விளக்கோ சாமிக்குக் கவசமோ செய்துவைப்போமே, அது மாதிரி. அந்தத் தகட்டில் 'கொம்பையா நினைவாக' என்று எழுத்தைப் புடைப்பாக அடிக்கச் சொல்லி, திருநெல்வேலி ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து வாங்கி வந்தான்.

அன்றைக்கு அவன் காது வரைக்கும் நாணை இழுத்தான். வில் முனகியது. அம்பு போன வேகத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஆனால் மானின் விலாவில் அது பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அம்பு குறுக்காகத் திரும்பி, மண்ணில் விழுந்து கிடந்தது. குலவைக்கு வாய் எடுத்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். மானை யாரும் அறுக்கவில்லை, அப்படியே தூக்கி ஆற்றில் விட்டார்கள். அந்த வருஷம் எந்த வீட்டுக்கும் மான்கறி இல்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "கொம்பையாவுக்கு மனசு ஆறலை போலுக்கு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சும்மா வாயில் வந்ததைச் சொன்னார். அது சுடலையின் காதில் விழுந்தது. பத்துப் பதினைந்து நாளில் ஒரு கோடைக்காற்று வந்து குலை தள்ளின வாழையை வரிசையாகச் சாய்த்தது, அதையும் இதோடு சேர்த்துப் பேசினார்கள்.

சுடலைக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று உனக்குத் தெரியும். உன் கடைசி விடியலில் நீ அவனுக்குப் போன் செய்து, நெஞ்சு என்னவோ செய்கிறது, கட்டுத் தூக்க வா என்று கூப்பிட்டாய். அவன் ராத்திரி முழுக்க லாரிக்குத் தார் ஏற்றிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தான். இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டு அசந்துவிட்டான். அவன் ஓடி வந்து பார்த்தபோது நீ வாழை வரிசைக்கு நடுவில் கிடந்தாய். இதை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, உன் வீட்டுக்காரி பேச்சியிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறான், அவள்தான் எனக்குச் சொன்னாள். அண்ணன் கோபமாகத்தான் இருக்கிறான் என்பதை மானே அவனுக்குச் சொல்லிவிட்டது என்று முடிவு செய்துகொண்டான்.

அம்பு விழுந்த மறுநாளிலிருந்து அவன் உன் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. நீ இருக்கும்போதும் நீ போன பிறகும் மத்தியானச் சோறு அவனுக்கு உன் வீட்டில்தானே. பேச்சி தூக்குச்சட்டியில் மண்டிக்குக் கொடுத்துவிட்டாள். "பசிக்கலை மயினின்னு சொல்லிரு" என்று திருப்பி அனுப்பினான். இந்த மாசி மாதம் கோயில்காரர்கள் வில்லைப் பற்றிப் பேச வந்தபோது, "நான் தொட மாட்டேன். பூசாரியே தொட்டு வைக்கட்டும். இனிமே எப்பவும் அப்படியே இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சி என் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்துப் போட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, அவருக்குத் தம்பி மேல கோவமே வராது. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தம்பிக்குத் தெரிய மாட்டேங்கே" என்றாள். "எந்த மோட்டாரு நின்னாலும் பிரிச்சுப் பாத்து இன்ன கோளாறுன்னு சொல்லுதிய. அந்த அம்பு ஏன் விழுந்துச்சுன்னு பாக்கக் கூடாதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாப்ளே. ஒரு வருஷமாக அதே கேள்வியை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தவன், எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே இல்லை.

முதலில் போனில் தேடினேன். வெளிநாட்டில் வில்லை வைத்து நிஜ மானையே வேட்டையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? அங்கே அதற்கு உரிமச்சீட்டு உண்டாம். நம் பக்கம் செய்தால் வனத்துறை நம்மைத்தான் பிடித்துக் கட்டும். அவர்களுக்குள்ளும் ஓயாத சண்டை. வில்லை இழுக்க எவ்வளவு கனம் வேண்டும், எத்தனை பவுண்டு இருந்தால் அம்பு விலாவைத் தாண்டி உள்ளே போகும், கனமான அம்பு நல்லதா லேசான அம்பு நல்லதா. ஒருவன் இழுவைதான் எல்லாம் என்கிறான், இன்னொருவன் இழுவை ஒன்றுமே இல்லை என்கிறான். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது, ஆனால் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

பிலோமினா பார்த்துவிட்டாள். "தவக்காலத்துல மனுசன் சிலுவைப்பாதை சொல்லுவான். நீங்க மான் கொல்லுததைப் பாக்கியளா?" என்றாள்.

"கொல்லுததைப் பாக்கலட்டி, எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சும்மா போகவில்லை. அந்த வாரம் வல்லநாட்டுப் பக்கம் ஒரு கிணற்று மோட்டார் பார்க்கப் போனேன். திரும்பி வரும்போது ரோட்டோரத்தில் ஒரு பெண்மான் நின்றது. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஈ உட்காரும்போதெல்லாம் அதன் விலாத்தோல் துடித்தது. அந்த விலாவுக்குள் ஒரு இரும்பு போக எவ்வளவு பலம் வேண்டும் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்ததும், வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன். எனக்குப் பதில் வேண்டியிருந்தது, மான் வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்கள் மானை வாழைத்தண்டில் செய்தார்களே, அது நிஜ மான் கிடைக்காத குறைக்கா? இல்லை, அவர்களில் ஒருவன் என்னை மாதிரி ரோட்டோரத்தில் நின்று பார்த்தானா?

சரி, சோதனைக்கு வருகிறேன். சாமி அம்பைக் கொண்டு விளையாட முடியாது. அதனால் அதே நீளம், அதே பருமனில் மூங்கில் கம்பு தேடி, அதே வடிவத்தில் இரும்பு முனை அடித்து, வாலுக்கு உதிர்ந்த மயிலிறகு கட்டி, மாதிரி அம்பு இரண்டு செய்தேன். ஒன்றின் முனைக்கு வெள்ளிக்குப் பதிலாகப் பித்தளைத் தகட்டில் உறை போட்டேன், எழுத்து இல்லாமல். இன்னொன்று வெறும் இரும்பு. நீ அறுத்த தோட்டத்திலேயே, தார் வெட்டி விட்டிருந்த மரங்கள்தான் எங்கள் மான்.

வில்லின் இழுவையை அளக்க உவரியிலிருந்து என் அண்ணனின் தொங்குதராசை வாங்கி வந்தேன், மீன் நிறுக்கிறது. கொக்கியை நாணில் மாட்டி இழுத்தால் முள் சொல்லிவிடும். உன் பழைய வில் பதினாலு கிலோ காட்டியது. சுடலையின் கல்மூங்கில் இருபத்தாறு கிலோவைத் தாண்டிப் போனது. பேச்சி முள்ளைப் பார்த்துவிட்டு, "சீலா மீனு நிறுத்த மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அம்பு விட்டது நான், போனில் படம் பிடித்தது பேச்சி. என் முதல் அம்பு வாழையை விட்டுவிட்டு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போனது. இரண்டாவது, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் குடத்துக்குப் பக்கத்தில் இறங்கியது, அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். நீ இருந்திருந்தால் சிரித்தே வரப்பில் விழுந்திருப்பாய். பிறகு கிட்டப் போய் நின்று ஒருவழியாகப் பட வைத்தேன்.

கனத்த வில்லில், உறை போட்ட அம்பு. அதே சத்தம், அறைந்த சத்தம், கீழே விழுந்தது. பேச்சி படத்தை மெதுவாக ஓட வைத்தாள். போனில் அந்த வசதி இருப்பது எனக்குத் தெரியாது. ஓடவிட்டுப் பார்த்தால், மாப்ளே, அம்பு நேராகவே போகவில்லை! விலாங்கு மீன் தண்ணீரில் நெளிகிற மாதிரி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நெளிந்துகொண்டே போகிறது. மரத்தில் படும்போது பாதி குறுக்காக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் போனுக்குள் தலையை விட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

யோசித்தால் புரிகிறது. பின்னாலிருந்து நாண் முரட்டுத்தனமாகத் தள்ளுகிறது. முன்னால் வெள்ளி சேர்ந்து கனத்துப்போன முனை, நகர மாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஒல்லிக் கம்பு வளையாமல் என்ன செய்யும்? கோயில் வாசலுக்கும் மானுக்கும் கொஞ்ச தூரம்தான், அது நிமிர்ந்து நேராவதற்குள் மான் வந்துவிடுகிறது. சுடலை கூட இழுக்க இழுக்க, அம்பு கூட நெளியும். அவன் பலமே அவனுக்கு எதிராக வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் உன் பழைய வில் போதும் என்று, உறை போட்ட அம்பை அதில் வைத்து விட்டேன். நெளிசல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நேராகப் போய்க் குத்தியது. ஆனால் மேல் பட்டையிலேயே நின்று, கொஞ்ச நேரத்தில் தலை தொங்கி, விழுந்துவிட்டது. கடைசியாக வெறும் இரும்பு முனை, அதே பழைய வில், அதே தூரம். வீட்டில் உன் தீட்டுக்கல் இருந்தது, பேச்சி அதைக் கொண்டுவந்திருந்தாள், அதில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு எய்தேன். அம்பு பட்டை பட்டையாக அறுத்துக்கொண்டு போய், உள்தண்டையும் தாண்டி, அந்தப்பக்கம் மூக்கை நீட்டியது. நான் 'ஏய்!' என்று கத்தினேன், வாய்க்காலில் கொக்கு எழும்பிப் பறந்தது.

நான் மட்டும்தான் கத்தினேன். பேச்சி போனைத் தாழ்த்திவிட்டு, கீழே கிடந்த பித்தளை உறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ அவர் பேருதான் தடுத்துச்சாண்ணே?" என்றாள்.

உறை முனையின் கூரை மழுக்கியதுதான் கோளாறு என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தவன், அது எந்தக் கோளாறு என்று அப்போதுதான் யோசித்தேன். ட்யூப்லைட்டில் உபயதாரர் பேரை எழுதி வெளிச்சத்தை மறைக்கிறார்களே என்று நீயும் நானும் கோயில்களில் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம். இது சிரிக்கிற விஷயமாக இல்லை. இதைச் சுடலையிடம் யார் சொல்வது?

சொல்லாமல் காட்டலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் பேச்சியே மண்டிக்குப் போய், "தம்பி, தோட்டத்துல ஒரு வேலை இருக்கு, வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். தோட்டத்திலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டு வராமலிருக்க அவனால் முடியவில்லை. தலையில் சும்மாட்டோடு அப்படியே வந்தான். என்னையும் வில்லையும் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான்.

"ஏலே, சாமி வில்லு இல்ல, உங்கண்ணன் வில்லு. ஒரு தரம் இழு" என்றேன்.

அவன் படத்தைப் பார்த்தான். உறை போட்டது விழுந்ததைப் பார்த்தான். பிறகு உன் பழைய வில்லை எடுத்து, பாதிதான் இழுத்தான், வெறும் முனை அம்பு மரத்துக்குள் போய் நின்றது. கிட்டப் போய் அதைத் தொட்டுக்கொண்டே நெடுநேரம் நின்றான். அவன் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான் வந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு மூஞ்சி இறுகிவிட்டது.

"அண்ணாச்சி, அண்ணன் பேரை எடுக்கச் சொல்லுதியளா?"

"முனையில இருந்து எடுக்கணும்லே. வேற வழி தெரியலை."

"நான் எடுக்க மாட்டேன். அன்னைக்குக் கூப்பிட்டப்பம் வரலை. இப்பம் பேரையும் உரிச்சு எடுத்துட்டா நான் என்ன தம்பி? அம்பு விழுந்தா விழட்டும்."

அவ்வளவு பெரிய ஆள் சும்மாட்டுத் துணியால் கண்ணைத் துடைத்தான். நான் ஏதோ நெளிசல், கனம் என்று மறுபடி விளக்கப்போனேன். பேச்சி என்னைக் கையால் நிறுத்தினாள். அவன் கையிலிருந்த உன் வில்லை வாங்கி, நடுவில் பிடிக்கிற இடத்தைக் காட்டினாள். உன் உள்ளங்கை எண்ணெயும் வாழைக்கறையும் ஏறி அந்த இடம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது, நீ கவனித்திருக்க மாட்டாய்.

"எடுத்துத் தூரப் போடவா சொல்லுதோம்? அவர் அம்பு மொனையவா பிடிச்சாரு? இங்கனதான தம்பி பிடிச்சாரு. பேரை இங்கன வைங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவருக்கு முடியாமப் போனது உங்களாலன்னு அவர் நினைச்சிருந்தா, எனக்குல்லா முதல்ல தெரியும்" என்றாள்.

அவன் வில்லைத் திரும்ப வாங்கி, அந்தக் கறுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

பிறகு நடந்தது எல்லாம் சுருக்கம்தான். பூசாரியிடம் சாமி அம்பின் உறையைக் கழற்றவும் முனையைத் தீட்டவும் உத்தரவு கேட்டோம். அவர், "சாமி அம்பைப் புளி போட்டு விளக்குதோம், தீட்டினா மட்டும் கோவப்படவா போறாரு?" என்றார். நீ போனதிலிருந்து அதைப் பளபளவென்று விளக்கியிருக்கிறார்கள், ஒருவர்கூடத் தீட்டவில்லை. சுடலை பழைய ஆசாரியிடமே போய், வெள்ளித் தகட்டைப் பட்டையாக்கி உன் பழைய வில்லின் பிடியில் சுற்றிக் கொண்டுவந்தான், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

இந்தப் பங்குனி, வேட்டைக்கு மானைச் செய்தது பேச்சி. வாழைப்பூவைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள், மான் நம்மைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். விழுமா நிற்குமா என்று பார்க்க வந்தவர்கள்தான் பாதிப் பேர், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைப் பார்க்கத்தான் நின்றேன். கணக்கெல்லாம் சரி. ஆனால் கணக்கு சரியாக இருந்தும் ஓடாத மோட்டாரை நான் பார்த்ததில்லையா?

சுடலை காது வரைக்கும் இழுக்கவில்லை. நெஞ்சு வரைதான், நீ இழுப்பாயே அது மாதிரி. அதை நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இடது கை மட்டும் வில்லை விட்டுவிடுவேனோ என்று பயந்த மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தது. நாண் அதிர்ந்தது. இந்தத் தடவை அறைந்த சத்தம் இல்லை, ஈர மண்ணில் மண்வெட்டி இறங்குகிற சத்தம். அம்பு புள்ளிகளுக்கு நடுவில் போய், மானுக்கு அந்தப்பக்கம் இரும்பு எட்டிப் பார்த்தது. முதல் குலவை பேச்சியுடையது. விதவை குலவை போடலாமா என்று யாராவது நினைத்திருந்தால், நினைத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ராத்திரி ஏறுமுன்னே என் வீட்டு வாசலில் வண்டிச் சத்தம். சுடலை நின்றான். வலது கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம். "அக்கா, மான்கறி கொண்டாந்திருக்கேன்" என்று பிலோமினாவிடம் சொன்னான். சாமியாரிடம் சொல்லிவிடாதே என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை, அது அவனுக்குத் தெரியாது. பிலோமினா தானாகச் சொல்லிக்கொண்டாள், "சாமியார்ட்ட சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"மயினி வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வாரேன் அண்ணாச்சி" என்றான். பிறகு இடது கையை விளக்குக்குக் கீழே நீட்டி விரித்துக் காட்டினான். வில்லை இறுக்கின இறுக்கில் வெள்ளியின் எழுத்து உள்ளங்கையில் அப்படியே பதிந்திருந்தது, வலமிருந்து இடமாக, உன் பெயர். சோறு தின்ற பிறகும் அழியவில்லையாம். தானாக அழியட்டும் என்று விட்டுவிட்டானா, அழிந்துவிடக் கூடாது என்று அந்தக் கையை நனைக்கவில்லையா, நான் கேட்கவில்லை.

இனி என் கேள்விகள். உன் தீட்டுக்கல்லின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, இலைக்கத்திக்கு அது பொருந்தாது. அது சாமி அம்புக்கா? நெஞ்சு வரைக்கும் மட்டும் இழுத்தது, அதற்கு மேல் இழுத்தால் அம்பு நெளியும் என்று தெரிந்தா, இல்லை உன் உடம்பில் பலமே அவ்வளவுதானா? நம் ஆற்றங்கரை மேட்டில் முதுமக்கள் தாழிகளோடு இரும்பு அம்புமுனைகள் எடுத்தார்களே, அந்தக் காலத்து ஆட்களும் செத்தவன் மேல் பாசத்தில் கூரை மழுக்கியா உள்ளே வைத்தார்கள்? நீ இருந்தால் முதல் இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, மூன்றாவதுக்கு "உனக்கு வேற வேலை இல்ல வே" என்பாய்.

ஒன்று மட்டும் கேட்கப்போவதில்லை, சுடலை மேல் உனக்குக் கோபமா என்று. அதற்கான பதிலைப் பிலோமினா தேங்காய் போட்டுப் பொரித்துவிட்டாள், நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வருஷா வருஷம் பங்குனிக்கு முன்னால் உன் கல்லில், உன் பள்ளத்தில் வைத்து, அந்த முனையை நானே தீட்டிக் கொடுக்கிறேன். சுடலை எப்போது போன் செய்தாலும், பட்டறையில் எந்த மோட்டார் பிரிந்து கிடந்தாலும், முதல் மணியில் எடுப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் தம்பிக்கு
இப்போதைக்கு அண்ணனாக இருக்கிற,
உன் மச்சான்
ஜெரோம்